யார் விளைத்த நெல்? யார் கொடுத்த கொடை?

செம்பினால் ஆன சின்னஞ்சிறு காசு அது. ஒரு புறத்தில் அமர்ந்த கோலத்தில் அம்மன் உருவம். மறுபுறத்தில் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்னும் சொல். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசு என்பார்கள். மண் தமிழ் மண். குடிகள் தமிழ்க் குடிகள். அந்த நிலப்பரப்பெங்கும் பாறையிலும் கோயிற்சுவரிலும் வெட்டப்பட்டிருப்பவை பெரும்பாலும் தமிழ்க் கல்வெட்டுகள். ஆனால், அரசின் காசிலே தமிழுக்கு இடம் கிடைக்கவில்லை! நவராத்திரி நாட்களில் பார்ப்பனர்க்கு அரிசி அளந்து கொடுத்தபோது அக்காசும் உடன் வழங்கப்பட்டது. அதன் காரணமாகத் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளுக்கு 'அரைக்காசு அம்மன்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. காணாமற்போன பொருளைக் கண்டெடுத்துத் தருபவள் அவள் என்று நம்பி வேண்டிக்கொள்வோர் இன்றும் உளர்.

நம்பிக்கை அவர்களுடையது, இருக்கட்டும். நாம் கேட்பது வேறொன்று. புதுக்கோட்டையின் வரலாற்று நூல்களிலே காணாமற்போன உழவன் ஒருவன் இருக்கிறானே, அவனைக் கண்டெடுத்துத் தருவது யார்? அம்மன் தரமாட்டாள். அரண்மனை தராது. நாம்தான் தேட வேண்டும். தேடும் வேலைக்குப் பக்தி தேவையில்லை; கணக்குப் பார்க்கும் துணிவு ஒன்றே போதும்.

மூன்று நூல்கள்

புதுக்கோட்டைச் சமஸ்தானம் ஏறத்தாழ 1,180 சதுர மைல் பரப்புடையது. தஞ்சை, திருச்சி, இராமநாதபுரம் மாவட்டங்கள் சூழ்ந்து நிற்க, நடுவே தீவுபோல் கிடந்தது. 1686-ஆம் ஆண்டளவில் இரகுநாதராயத் தொண்டைமானிடம் தொடங்கி, 1948 மார்ச் 3-ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைக்கப்படும் வரை, ஒரே மரபினர் ஒன்பதின்மர் அதனை ஆண்டனர். முழுக்க முழுக்கத் தமிழ் வழங்கிய நிலத்தில் 1948 வரை எஞ்சி நின்ற சமஸ்தானம் இது ஒன்றே.

இதன் வரலாற்றை அறிய விரும்புவோர் கைக்கொள்ளும் நூல்கள் மூன்று. முதலாவது, புதுக்கோட்டைக் கல்லூரியில் பணிபுரிந்த எஸ். இராதாகிருஷ்ண ஐயர் 1916-இல் வெளியிட்ட பொது வரலாறு. இரண்டாவது, கே. ஆர். வேங்கடராம ஐயர் தொகுத்து 1938 முதல் 1944 வரை வெளிவந்த சமஸ்தானக் கையேடு. மூன்றாவது, அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலஸ் டர்க்ஸ் எழுதி 1987-இல் வந்த ஆராய்ச்சி நூல்; 'உள்ளீடற்ற மகுடம்' என்பது அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள்.

மூன்றுமே உழைப்பின் விளைவுகள் என்பதில் ஐயமில்லை. முதல் இரண்டும் இல்லையெனில் பல சாசனங்களும் ஊர்ச் செய்திகளும் கறையானுக்கு இரையாகியிருக்கும். எழுதியவர் எந்தக் குலத்தில் பிறந்தார் என்று பார்த்து நூலைத் தள்ளுவது பகுத்தறிவாளர் வேலையன்று. எழுதப்பட்டதைப் படித்து, எழுதாமல் விட்டதைக் கேட்பதே நம் வேலை. அரண்மனைப் பண்டசாலையிலிருந்து சம்பளம் பெற்றுக்கொண்டு எழுதப்படும் வரலாறு, அந்தப் பண்டசாலைக்குள் நெல் எப்படி வந்தது என்று கேட்கத் தயங்கும். அந்தத் தயக்கத்தைத்தான் நாம் களைய வேண்டியிருக்கிறது.

காவற்காரன் காவலன் ஆன கதை

அரசு எவ்வாறு தோன்றிற்று? 'தெய்வம் தந்தது' என்பது புராணிகன் விடை. புதுக்கோட்டைக் கல்வெட்டுகள் தரும் விடை வேறு.

பாண்டியப் பேரரசு சரிந்து, வடக்கிலிருந்து படைகள் வந்துபோன 14, 15-ஆம் நூற்றாண்டுகளில், இந்த வட்டாரத்து ஊரார் கூடிப் 'பாடிகாவல்' உரிமையை ஆயுதம் தாங்கிய தலைவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பயிரையும் மாட்டையும் உயிரையும் காப்பது தலைவன் கடமை. அதற்காக விளைச்சலில் ஒரு பங்கு கொடுப்பது ஊரார் கடமை. கல்லில் வெட்டப்பட்ட ஒப்பந்தம் இது. இங்கே விண்ணிலிருந்து யாரும் இறங்கவில்லை. மலர்மாரி பொழியவில்லை. ஊரார் அமர்த்திய காவற்காரன். அவனுக்கு ஊரார் கொடுத்த கூலி. அவ்வளவே!

இத்தகைய காவல் தலைவர்கள் மலிந்த நிலத்திலிருந்துதான் தொண்டைமான் மரபும் எழுந்தது. இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி, இரகுநாதராயத் தொண்டைமானின் தங்கை காதலி நாச்சியாரை மணந்தார். மைத்துனரைப் புதுக்கோட்டைப் பகுதிக்குத் தலைவராக்கினார். வாள் வலிமையும் மண உறவும் சேர்ந்து அரசாயின. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. உலகெங்கும் அரசுகள் பிறந்தது இப்படித்தான். வெட்கப்பட வேண்டியது பிறகு நடந்த ஒன்றுக்கு. காவற்காரன் காவலன் ஆனான். காவலன் கடவுளின் பெயரால் பேசத் தொடங்கினான். ஊரார் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் மறக்கப்பட்டது.

மணலில் எழுதிய மந்திரம்

மறக்கச் செய்த கதை சுவையானது. இரண்டாவது மன்னர் விஜயரகுநாதராயத் தொண்டைமான் திருவரங்குளத்துக் காட்டிலே சதாசிவப் பிரம்மேந்திரரைக் கண்டாராம். துறவி மௌன விரதம் பூண்டவர். ஆதலால் வாய் திறவாமல் மணலிலே மந்திரத்தை எழுதிக் காட்டினாராம். மன்னர் அந்த மணலை மேலாடையில் முடிந்து அரண்மனைக்குக் கொண்டுவந்து பூசித்தாராம். 1738-இல் நடந்ததாகக் கூறுவர். கோபாலகிருஷ்ண சாஸ்திரி என்பாரை அறிவுரையாளராகக் கொள்ளுமாறும் துறவி பணித்தார் என்பது மரபு. சாஸ்திரியார்க்கு நிலம் வந்தது. வைதிகக் குடும்பங்களுக்குக் கொடை பெருகியது. நவராத்திரி அரசவிழா ஆயிற்று. மன்னரோ 'பிரகதாம்பாள் தாசர்' என்று பட்டம் சூட்டிக்கொண்டார். அம்மனே நாட்டுக்கு உடையவள். மன்னர் அவளுடைய அடிமை!

கேட்பதற்குப் பணிவாக இருக்கிறது. சற்று நின்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே! காவற்காரனிடம் ஊரார் கணக்குக் கேட்கலாம். 'கூலி வாங்கினாயே, காவல் செய்தாயா?' என்று மடக்கலாம். அம்மனின் அடிமையிடம் என்ன கேட்பது? 'நான் வெறும் தாசன். அம்மனைக் கேள்' என்பான். அம்மனைக் கேட்கப் போனால் அவள் வாய் திறப்பதில்லை, அர்ச்சகர்தான் திறப்பார். மன்னரின் பணிவு என்று நூல்கள் போற்றும் அந்தப் பட்டம், குடிகளின் கேள்வியைத் தடுத்து நிறுத்திய வேலி. மணலிலே எழுதிய மந்திரம், கல்லிலே எழுதிய ஒப்பந்தத்தை மூடிவிட்டது!

இதில் இன்னொரு வேடிக்கை. உள்ளூரில் அம்மனுக்கு அடிமையாக இருந்த அரசு, வெளியூரில் கும்பினிக்கு நண்பனாக இருந்தது. 1750-களில் திருச்சிராப்பள்ளிக்காக நடந்த போரில் ஆங்கிலேயர்க்கு உணவும் படையும் அனுப்பியது புதுக்கோட்டை. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையிலே பிடிக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார்; அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் மருது சகோதரர்களுக்கு எதிராகவும் தொண்டைமான் படை சென்றது. செய்த உதவிகளை நினைந்து 1803-இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சார்ந்த பகுதியும் அளிக்கப்பட்டன. பிற பாளையங்கள் ஜமீன்களாகக் குறுகியபோது புதுக்கோட்டை சமஸ்தானமாக நிலைத்தது. அதை நிலைக்கச் செய்தது அம்மன் அருளா, கும்பினியின் கணக்கா? விடை வெளிப்படை. 19-ஆம் நூற்றாண்டில் இராமச்சந்திரத் தொண்டைமான் கடனில் மூழ்கி ஊதாரித்தனம் செய்தபோது, ஆங்கில அரசு அவருடைய மரியாதைப் பட்டத்தையே பறித்தது. பட்டம் பறிபோனபோது பிரகதாம்பாள் தடுக்கவில்லை!

கட்டபொம்மனைப் பிடித்தது காட்டிக்கொடுத்த செயலா, செய்துகொண்ட உடன்படிக்கையைக் காத்த செயலா என்று இன்றுவரை வழக்காடுகிறார்கள். ஒரு சாரார் தூற்றுகிறார்கள்; மறு சாரார் குலப்பெருமை பேசி மறுக்கிறார்கள். இரு சாராரும் பேசுவது அரண்மனைகளைப் பற்றியே. பாஞ்சாலங்குறிச்சியில் உழுதவனும் புதுக்கோட்டையில் உழுதவனும் அந்த ஆண்டு என்ன உண்டான் என்று இருவருமே கேட்பதில்லை. நாம் கேட்போம்.

கொடை என்னும் மாயம்

கேட்க வேண்டிய இடம் நிலக்கணக்கு. புதுக்கோட்டையின் விளைநிலத்தில் பெரும்பகுதி 'இனாம்' என்ற பெயரில் கொடையாகப் போயிருந்தது. கோயிலுக்குத் தேவதானம், வேதியர்க்குப் பிரமதேயம், வழிப்போக்கர் சத்திரத்துக்கு மானியம், படைத்தலைவர்க்கும் வீரர்க்கும் சேவைமானியம், ஊர்க் கணக்கன், வெட்டியான், தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன் ஆகியோர்க்கு ஊழிய மானியம், கோயிலில் ஆடிய பெண்களுக்கும் மானியம். கொடை, கொடை, எங்கும் கொடை! மன்னர்களின் வள்ளன்மைக்கு இதனைச் சான்றாகக் காட்டுவது வழக்கம்.

கொடை என்றால் என்ன? மன்னர் தம் கையால் உழுது விளைத்த நெல்லையா கொடுத்தார்? இல்லை. உழவன் விளைத்த நெல்லில் அரசு எடுத்துக்கொண்டிருந்த பங்கை, இனி இன்னார் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்தார். வாங்குபவர் பெயர் மாறியது, கொடுப்பவன் மாறவில்லை. உழவன் நேற்று அரண்மனைக்கு அளந்தான். இன்று அக்கிரகாரத்துக்கு அளந்தான். நாளை சேர்வைகாரர்க்கு அளப்பான். வயலிலே வியர்வை அவனுடையது. சாசனத்திலே புண்ணியம் மன்னருடையது! உழவன் வீட்டு நெல்லை எடுத்து மன்னர் பெயரில் தானம் செய்த இந்த வித்தைக்கு வரலாற்று நூல்கள் 'தரும சிந்தை' என்று பெயரிட்டன.

கொடையாகப் போகாமல் எஞ்சிய நிலத்தின் நிலையும் மேலானதன்று. அமானி முறையிலே விளைச்சலை அரசும் குடியும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பங்கு பிரிக்கும்வரை நெல்லுக்குக் காவல். காவலுக்கு மேல் கண்காணிப்பு. கண்காணிப்புக்கு மேல் அதிகாரி. களத்திலே நெல் குவிந்து கிடக்கும். வீட்டிலே பிள்ளை பசித்துக் கிடக்கும். அதிகாரி வந்து அளந்தால்தான் கைவைக்கலாம். 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி இம்முறையை ஒழித்துப் பணத்தீர்வையைக் கொண்டுவந்தார். நகரத்தை ஒழுங்குபடுத்தினார், குளங்களைத் தூர்வாரினார். நற்செயல் எவர் செய்தாலும் நற்செயலே. அவர் வேதியர் என்பதற்காகக் குளத்து நீர் கசந்துவிடாது.

ஆனால், அவர் காலத்தில் நடந்த 1888-ஆம் ஆண்டு இனாம் ஏற்பாட்டைக் கவனியுங்கள். பழைய ஊழியங்கள் காலாவதியாகிவிட்டன. போர் இல்லை, படையும் தேவையில்லை. அப்போது நிலம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. இருநூறு ஆண்டுகளாக அந்த நிலத்தை உழுதவனுக்கா, அதன் பங்கைத் தின்றவனுக்கா? உரிமை இனாம்தாரர் பக்கம் சாய்ந்தது. மன்னர் கொடுத்தது விளைச்சலின் பங்கு. சட்டம் உறுதிசெய்ததோ நிலத்தின் உடைமை. கொடை வழியே வந்தது சொத்தாயிற்று. உழைப்பு வழியே வந்தவன் குத்தகைக்காரன் ஆனான். சீர்திருத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கைதட்டாமல், அது யாருக்கு நேராயிற்று, யாருக்குக் கோணலாயிற்று என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

உள்ளீடற்றது யாருக்கு?

இங்கேதான் டர்க்ஸ் நூலை எடை போட வேண்டும். சாதி என்பது தீட்டு, புனிதம் என்னும் சமயக் கருத்துகளிலிருந்து மட்டும் பிறந்தது என்ற கொள்கையை அவர் மறுக்கிறார். புதுக்கோட்டையில் யார் மேல், யார் கீழ் என்பதை மன்னரோடு கொண்ட உறவும், பெற்ற நிலமும், கோயிலிலும் அவையிலும் கிடைத்த மரியாதையும் தீர்மானித்தன என்று சான்றுகளோடு காட்டுகிறார். ஆங்கிலேயர் ஆட்சியில் மன்னரின் ஆற்றல் உறிஞ்சப்பட்டுச் சடங்கு மட்டும் எஞ்சியது. மகுடம் உள்ளீடற்றுப் போயிற்று என்பது அவருடைய முடிவு.

பகுத்தறிவாளர்க்கு இந்நூல் பெருந்துணை. ஏன்? சாதி அநாதி என்றும், பிரமன் முகத்திலும் காலிலும் பிறந்தது என்றும் ஓதியவர்களுக்கு இந்நூலின் ஒவ்வோர் இயலும் மறுப்பு. சாதிப் படிக்கட்டின் ஒவ்வொரு கல்லும் மனிதர் வைத்தது, அரண்மனை ஓலை வைத்தது, நிலமானியம் வைத்தது. மனிதர் கட்டியதை மனிதர் இடிக்கலாம்! தந்தை பெரியார் மேடைதோறும் முழங்கிய உண்மைக்கு, ஓர் ஆராய்ச்சியாளர் சாசனங்களின் வழியே வந்து சேர்ந்திருக்கிறார்.

ஆயினும் குறை உண்டு, சொல்லியாக வேண்டும். டர்க்ஸ் அரண்மனை வாயிலில் நின்றுகொண்டு ஊரைப் பார்க்கிறார். மகுடத்தின் ஒளி எவ்வளவு தூரம் பரவியது என்று அளக்கிறார். மரியாதை பெற்றவர்களின் வரிசை தெளிவாகத் தெரிகிறது. மரியாதை மறுக்கப்பட்டவர்களின் வரிசை மங்கலாகத் தெரிகிறது. மகுடம் உள்ளீடற்றுப் போனதை ஓர் இழப்பாக எண்ணும் தொனி நூலில் இழையோடுகிறது. நாம் கேட்கிறோம்: உள்ளீடற்றது யாருக்கு? வெள்ளைக்காரத் துரைக்கு அந்த மகுடம் பொம்மையாக இருந்திருக்கலாம். சேரியிலிருந்தவன் தலைமீது அது பாறையாகத்தானே அழுத்தியது! ஆங்கிலேயர் உறிஞ்சியது மன்னரின் இறைமையை. உழவன் மீது அவருக்கிருந்த பிடியை அன்று. மேலே வலுவிழந்த அரசு கீழே வலுவிழக்கவில்லை. 1931-இல் வரிச்சுமை தாங்காமல் புதுக்கோட்டை மக்கள் கிளர்ந்தெழுந்தார்களே, வெறும் பொம்மையை எதிர்த்தா எழுந்தார்கள்?

வேதியரின் செல்வாக்கைக் குறைத்து மதிப்பிடுவதும் ஏற்கத்தக்கதன்று. மன்னரே தலைமை, வேதியர் அவரை அண்டி வாழ்ந்தவர் என்றால், மன்னர் தம்மைத் தாசர் என்று அழைத்துக்கொள்ளும் மந்திரத்தை எழுதிக் கொடுத்தது யார்? நிலம் கொடுத்தவன் கை மேலே இருந்தது உண்மை. கொடுக்காவிட்டால் பாவம், கொடுத்தால் புண்ணியம் என்று அந்தக் கையை அசைத்தது எது? வாளுக்கும் வேதத்துக்கும் இடையே நடந்தது போட்டியன்று, கூட்டுவாணிகம். முதல் போட்டவன் இருவருமல்லன், உழவன்!

பிறப்பென்னும் பூட்டு

இந்தக் கூட்டுவாணிகத்தின் கொடுமையைப் பெண்கள்மீது அது வைத்த சுமையில் காணலாம். கோயிலில் ஆடிய பெண்ணுக்கு மானியம் என்றோமே, அது பரிசன்று, சங்கிலி. நிலம் வேண்டுமெனில் குடும்பத்தில் ஒரு பெண் பொட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். தெய்வத்தின் பெயரால் ஒரு குலத்தின் பெண்களைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போட்டது பக்தி என்பார்கள். கட்டிய கயிறு நிலமானியம்.

அந்தக் கயிற்றை அறுத்த கை புதுக்கோட்டையிலேயே பிறந்தது. 1886-இல் பிறந்த முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள் இசை, நடனக் குலத்தவர்; தந்தை நாராயணசாமி பார்ப்பன வகுப்பினர், மகாராஜா கல்லூரியோடு தொடர்புடைய கல்வியாளர். அந்தப் பெண் கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு குற்றம். தாயின் குலம் இன்னொரு குற்றம். ஆண் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற அச்சம் வேறு! மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் புறந்தள்ளிக் கல்லூரியின் கதவைத் திறக்கச் செய்தார். அதற்காக அவரைப் பாராட்டுவோம். 1912-இல் முத்துலட்சுமி மருத்துவப் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். 1929-இல் அவர் முயற்சியால் அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. தேவதாசிகளின் மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து அத்திருத்தம் விடுவித்தது. எங்கே கை வைத்தார் பாருங்கள்! அறிவுரை கூறி நிற்காமல், சங்கிலி பூட்டியிருந்த இடத்திலேயே, நிலக்கணக்கிலேயே, கை வைத்தார். 1947-இல் பொட்டுக் கட்டும் வழக்கமே சட்டத்தால் தடுக்கப்பட்டது.

கதவு திறந்த மன்னரின் கதையைப் பாருங்கள். மார்த்தாண்ட பைரவர் 1915-இல் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்கை மணந்தார். 1916-இல் மகன் பிறந்தான். அந்த மகன் அரியணை ஏற ஆங்கில அரசு இசையவில்லை. தாயின் இனம் தடை! மன்னர் நாட்டை விட்டு நீங்கி அயல்நாட்டில் வாழ்ந்தார். 1928-இல் அங்கேயே இறந்தார். ஆறு வயதுச் சிறுவன் இராசகோபாலத் தொண்டைமான் மன்னர் ஆக்கப்பட்டார். இந்தக் காதல் கதையைக் கண்ணீர் மல்கச் சொல்வோர் பலர். நாம் காண வேண்டிய உண்மை வேறு. ஒரு பெண்ணுக்குத் தாயின் குலம் பார்த்துக் கல்லூரியைப் பூட்டினான் உள்ளூர் வைதிகன். ஒரு பிள்ளைக்குத் தாயின் இனம் பார்த்து அரியணையைப் பூட்டினான் வெள்ளைக்காரன். இருவர் கையிலும் இருந்தது பிறப்பு என்னும் ஒரே பூட்டு. முதற்பூட்டை உடைத்த மன்னராலும் இரண்டாவது பூட்டை உடைக்க முடியவில்லை. ஏனெனில், அவர் அமர்ந்திருந்த அரியணையே பிறப்பென்னும் அடித்தளத்தின் மீதுதான் போடப்பட்டிருந்தது. பிறப்பால் உயர்ந்தவன் பிறப்பால் வீழும்போது, அந்தத் தராசையே தூக்கி எறிய வேண்டும் என்பதல்லவா அறிவு!

ஆண்ட பரம்பரை என்னும் போதை

1948-இல் சமஸ்தானம் முடிந்தது. மன்னர் மானியம் 1971-இல் முடிந்தது. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. மன்னர் வாழ்ந்த அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆயிற்று. கொடையின் கணக்கு மட்டும் எளிதில் முடியவில்லை. இங்கிருந்த இனாம்களின் சிக்கலைத் தீர்க்க 1955-இல் புதுக்கோட்டைக்கென்றே தனிச்சட்டம் ஒன்று தேவைப்பட்டது. 1963-இல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. 'மன்னர் கொடுத்தார்' என்ற ஒரு சொல்லை அவிழ்க்க மக்கள் மன்றம் எத்தனை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது!

சட்டம் நிலத்தை அவிழ்த்தது, மனத்தை அவிழ்த்ததா? 2022 டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது கண்டு நாடே அதிர்ந்தது. அதை விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியர், பக்கத்து இறையூரில் அம்மக்களுக்கு அய்யனார் கோயில் கதவு மூடியிருந்ததையும், தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததையும் கண்டார். மக்களைக் கோயிலுக்குள் தாமே அழைத்துச் சென்றார். எந்த அரண்மனையிலிருந்து ஒரு காலத்தில் மரியாதை வரிசை வகுக்கப்பட்டதோ, அந்த மரபின் அரண்மனையிலிருந்தே ஓர் அதிகாரி வந்து அந்த வரிசையைக் கலைக்க வேண்டியிருந்தது. காலம் மாறியிருக்கிறது என்பதற்கும் இது சான்று. போதிய அளவு மாறவில்லை என்பதற்கும் இதுவே சான்று.

இந்த நிலையிலே 'நாங்கள் ஆண்ட பரம்பரை' என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள் இளைஞர்கள். ஒரு சாதி மட்டுமன்று. சாதிதோறும் ஒரு மன்னரைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. அந்த இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறோம். ஆண்டது ஒரு குடும்பம். உங்கள் பாட்டன் ஆண்டானா? ஏர் பிடித்தான், களத்தில் காவல் நின்றான், போரில் செத்தான். மன்னரின் சாதிப்பெயர் அவனுக்கும் இருந்தது. மன்னரின் பண்டசாலைச் சாவி அவனிடம் இல்லை. ஆண்டவன் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதால், ஆளப்பட்ட உன் பாட்டனின் பசிக்குத் துரோகம் செய்கிறாய்! அந்தப் பெருமை உனக்குக் கொடுப்பது என்ன? பக்கத்துத் தெருக்காரனை இழிவாகப் பார்க்கும் உரிமை ஒன்றே. அரைக்காசும் பெறாது அந்த உரிமை.

ஆகவே, இளந்தோழர்களே, சமஸ்தான வரலாற்றைப் படியுங்கள், ஆழ்ந்து படியுங்கள். சித்தன்னவாசல் ஓவியத்தையும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் போய்ப் பாருங்கள். அவை நம் உடைமை. மேற்சொன்ன மூன்று நூல்களையும் நூலகத்தில் தேடிப் பிடியுங்கள். படிக்கும்போது 'மன்னர் கொடுத்தார்' என்ற சொல் வரும் இடமெல்லாம் கோடிட்டு, பக்கத்திலே ஒரு கேள்வி எழுதுங்கள்: யார் விளைத்த நெல்? அந்தக் கேள்விக்கு நூல் விடை சொன்னால் அது வரலாறு. சொல்லாவிட்டால், எத்தனை சாசனங்களை அடுக்கியிருந்தாலும், அது அரண்மனைப் புலவன் பாடிய பரணி.

மணலில் எழுதிய மந்திரம் காற்றில் கலையும். கல்லில் எழுதிய ஒப்பந்தம் நிற்கும். காவற்காரனுக்குக் கூலி கொடுத்தவன் குடிமகன். கணக்குக் கேட்கும் உரிமையும் அவனுக்கே உண்டு. அன்று மன்னரிடம் கேட்க மறந்ததை, இன்று ஆள்வோர் எவராயினும் அவரிடம் கேட்கப் பழகுவோம்!